அம்பாசடருக்கு டிஸ்க் பிரேக்: மாஸ்டர் சிலிண்டரை மறந்துவிடாதீர்கள்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பழைய அம்பாசடர் திணறினாலும் ஏறிவிடும், சோதனை இறங்கும்போதுதான். ட்ரம் சூடேறி விரியும், லைனர் பிடிக்காது, மிதி கீழே போய்க்கொண்டே இருக்கும். முன் சக்கரத்துக்கு டிஸ்க் போட்டால் இது தீரும். ஆனால் டிஸ்க்கையும், அதைப் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் காலிப்பரையும் மட்டும் மாட்டிவிட்டு மற்றதை அப்படியே விட்டால், இருந்த பிரேக்கையும் கெடுத்ததாகிவிடும்.

பிற்கால அம்பாசடர்களில் கம்பெனியிலேயே முன் டிஸ்க் வந்தது. ஹப்போடு முழு செட் கிடைத்தால் அதையே போடுங்கள். கிடைக்காவிட்டால் வேறு வண்டி காலிப்பருக்கு பிராக்கெட் அடிக்க வேண்டும். கோவையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. 10 மி.மீ. எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) பிளேட், 10.9 கிரேடு போல்ட் கேளுங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சிலில் வெல்டிங் வைக்க விடவே கூடாது. டிஸ்க் மாட்டியதும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள், ஆட்டம் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றும் ஏர் நிப்பிள் காலிப்பரின் மேல்பக்கம் வர வேண்டும். இடது வலது மாறிப்போனால் நிப்பிள் கீழே வந்துவிடும், எத்தனை தடவை அடித்தாலும் ஏர் போகாது.

பலர் ஏமாறும் இடம் பைப் நட். பழைய பிரிட்டிஷ் வழி வண்டியில் அது 3/8 அங்குல யூஎன்எஃப் (அங்குலக் கணக்கு மரை), இன்றைய காலிப்பர் ஓஸ்களில் பெரும்பாலும் எம்10 (10 மி.மீ. மரை), பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1 மி.மீ. 3/8 என்பது 9.5 மி.மீ., பிட்ச்சும் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் பழைய நட் புது ஓட்டையில் சுகமாக ஏறும், இறுகினது போலவும் தெரியும். மரையோ மேலோட்டமாகத்தான் கவ்வியிருக்கும். அவசரத்துக்கு ஓங்கி மிதிக்கும்போது பிய்த்துக்கொள்ளும். கையில் போடும்போதே லொடலொடவென்று ஆடினால் கழற்றி அளந்து பாருங்கள்.

இனி மாஸ்டர் சிலிண்டர், அதாவது மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் சிலிண்டர். ட்ரம்முக்கான சிலிண்டருக்குள் ஒரு செக் வால்வு உண்டு, லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை நிறுத்தி வைக்கும். ட்ரம்மில் ஷூவை இழுக்கும் ஸ்பிரிங் அதைச் சமாளிக்கும். டிஸ்க்கில் அப்படி ஸ்பிரிங் கிடையாது, பேடு உரசிக்கொண்டே ஓடும், சூடேறி ஆயில் கொதிக்கும். அந்த வால்வு முன் லைனில் இருக்கக் கூடாது. அதே சமயம் பழைய அம்பாசடரில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில், தரைக்குக் கீழே. காலிப்பர் அதைவிட உயரத்தில் இருந்தால் ஆயில் பின்னால் வடிந்து முதல் மிதி காலியாகப் போகும். அதைத் தடுக்க முன் சக்கர லைனில் 2 பிஎஸ்ஐ வால்வு தனியாகப் போட வேண்டும்.

காலிப்பர் பிஸ்டன் பெரிது, ஆயில் கூடுதலாகக் கேட்கும். 3/4 அங்குல சிலிண்டரை 7/8 ஆக்கினால் ஆயில் 36 சதவீதம் கூடும், கால் பலமும் அதே அளவு கூடுதலாக வேண்டும். ட்ரம்மில் ஷூ தானே இழுத்துக்கொள்ளும் உதவியும் டிஸ்க்கில் இல்லை. ஆகவே இன்ஜினின் வாக்யூமை வைத்துக் கால் பலத்தைப் பெருக்கும் வாக்யூம் பூஸ்டர் அவசியம். பெட்ரோல் என்றால் இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் இருந்து வாக்யூம் எடுக்கலாம். டீசலில் அங்கே வாக்யூம் வராது, பம்ப் வைத்த ஆல்டர்னேட்டர் வேண்டும். இவ்வளவு செய்யும்போது பழைய ஒற்றை லைனை விட்டுவிட்டு, முன் பின் தனித்தனியாக இயங்கும் டேண்டம் சிலிண்டரே போடுங்கள். ஒரு ஓஸ் வெடித்தாலும் பாதி பிரேக் மிஞ்சும்.

புது டாட் 4 ஆயில் ஊற்றி, தூரத்துச் சக்கரமான பின் இடதில் தொடங்கி ஏர் எடுங்கள். பிறகு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மிதித்து விட்டுக் கையால் சுற்றுங்கள். இறுகியே நின்றால் மாஸ்டர் சிலிண்டரில் பைப்பைத் தளர்த்துங்கள். உடனே சக்கரம் விட்டால் கோளாறு சிலிண்டருக்குள், அல்லது சிலிண்டரைத் தள்ளும் புஷ் ராடில் 1 மி.மீ. இடைவெளி இல்லை. அப்போதும் விடாவிட்டால் ஓஸையும் காலிப்பரையும் பாருங்கள்.

பூஸ்டர் வந்தபின் பின் ட்ரம்முக்கும் அழுத்தம் கூடுகிறது. காலி மைதானத்தில் 40 கி.மீ. வேகத்தில் அழுத்தி மிதித்து, எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று வெளியே ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பின்சக்கரம் முந்தினால் வண்டி சுற்றிவிடும். பின் லைனில் புரப்போர்ஷனிங் வால்வு வைத்து அழுத்தத்தைக் குறைக்கும்வரை மலைக்கு எடுக்க வேண்டாம்.