இருபது பட்டாணி

எங்கள் வீடு கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். தாத்தா பாட்டி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். நானும் கொழுந்து எடுப்பவள்தான். 20வது வாரத்து ஸ்கேன் நவம்பரில் வந்தது. அந்த வாரம் மழையில் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டது. அப்புறம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. தள்ளித் தள்ளி, ஸ்கேன் எடுத்தபோது 30 வாரம் முடிந்திருந்தது.

திரையில் இதயத்தை ஒட்டிக் கறுப்பாக ஒரு குமிழ். டாக்டர் அதையே திரும்பத் திரும்பப் பார்த்தார். "இது இரைப்பைம்மா. வயித்துல இருக்க வேண்டியது நெஞ்சுக்குள்ள இருக்கு" என்றார். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில், இடது பக்கம், ஓட்டை. குடலும் இரைப்பையும் அது வழியாக மேலே ஏறிக்கொள்வதால் நுரையீரல் வளர இடமில்லை. கோயம்புத்தூரில் அளந்து பார்த்தார்கள். அந்த வாரத்தில் இருக்க வேண்டிய அளவில் 23 சதவீதம்தான் இருந்தது. 25க்குக் கீழே என்றால் கடுமையான வகை.

பலூன் சிகிச்சை பற்றி அங்கேதான் முதலில் கேள்விப்பட்டேன். கடுமையான வகையில், 27லிருந்து 29 வாரத்துக்குள் குழந்தையின் மூச்சுக்குழாயில் சின்ன பலூன் ஒன்றை வைப்பார்கள். நுரையீரலில் ஊறும் நீர் வெளியேறாமல் தேங்கி, நுரையீரலை விரிய வைக்கும். 34வது வாரம் பலூனை எடுத்துவிடுவார்கள். பனிக்குடம் முன்னதாகவே உடையும் ஆபத்தும் அதில் உண்டு. எங்களுக்கு அந்த நாள் தாண்டிப்போயிருந்தது. அன்று ராத்திரி முழுக்க அந்த நவம்பர் மழையையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

36வது வாரம் கோயம்புத்தூரில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டோம். இப்படிக் குழந்தை பிறந்த பிறகு மலையிலிருந்து தூக்கிக்கொண்டு இறங்குவதைவிட, வயிற்றில் வைத்தே கொண்டுபோவதுதான் பத்திரம். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஓட்டை என்று சொன்னால், எந்தப் பக்கம், கல்லீரல் மேலே ஏறியிருக்கிறதா, நுரையீரல் எத்தனை சதவீதம், பிரசவம் எங்கே என்ற நான்கையும் அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பாப்பா பிறந்ததும் முகத்தில் மாஸ்க் வைத்துக் காற்று அடிக்கவில்லை. அடித்தால் காற்று குடலுக்குள் போய் நுரையீரலை இன்னும் நெருக்கும். நேராகத் தொண்டைக்குள் குழாய் போட்டார்கள். அதனால் அவள் அழுத சத்தத்தை நான் கேட்டதே இல்லை. மூச்சும் ரத்த ஓட்டமும் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் ஆபரேஷன் என்றார்கள். அந்த நிலை வரவே இல்லை. 11 நாள் இருந்தாள். ஒரு விரலால் உள்ளங்காலைத் தொட விட்டார்கள். சின்ன மொச்சைக்கொட்டை மாதிரி கட்டைவிரல்.

ஸ்கேன் படங்களையும் கொஞ்சம் ரத்தத்தையும் பெயரில்லாமல் ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று முன்னமே கேட்டிருந்தார்கள். தமிழில் அச்சடித்த படிவம். மறுத்தாலும் வைத்தியம் மாறாது, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு லயத்தில் வீடு வீடாகப் போனேன், அதே ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்க. ஆபரேஷனுக்கு என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆராய்ச்சி என்றதும் கை பின்னால் போகிறது. பெரியம்மா வாசலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். "புள்ளையே போயிருச்சு, இன்னும் எதுக்குடி ஆஸ்பத்திரிக்குக் காசு?" என்றார்.

முறத்திலிருந்து 20 பட்டாணியை எண்ணித் தரையில் வைத்தேன். "இது எல்லாம் நம்ம பாப்பா மாதிரி கடுமையான புள்ளைங்க. பலூன் இல்லேன்னா பிழைச்சு வீட்டுக்குப் போறது இவ்வளவுதான்" என்று மூன்றைத் தள்ளிவைத்தேன். பிறகு இன்னும் ஐந்தைச் சேர்த்தேன். "பலூன் வெச்சா எட்டு." 2021இல் வெளியான ஆராய்ச்சிக் கணக்கு அது: பலூன் வைத்தவர்களில் 40 சதவீதம், வைக்காதவர்களில் 15 சதவீதம். பல நாடுகளில் 80 தாய்மார்கள் அதில் சேர்ந்தார்கள். யாருக்குப் பலூன், யாருக்கு இல்லை என்று சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரிதான் பிரித்தார்கள். பலூன் இல்லாத பக்கம் விழலாம் என்று தெரிந்தேதான் ஒவ்வொருத்தியும் கையெழுத்துப் போட்டாள். இல்லாத பக்கம் விழுந்த அம்மாக்களை நான் அடிக்கடி நினைக்கிறேன். அவர்கள் சம்மதிக்காமல் இருந்திருந்தால் அந்த ஐந்து பட்டாணியை யாரும் எண்ணியிருக்க முடியாது.

பெரியம்மா ரொம்ப நேரம் பட்டாணியையே பார்த்தார். "மிச்சம் பன்னெண்டு?" என்றார்.

"அதுக்குத்தான் பெரியம்மா காசு."

சம்பள நாளில் 200 ரூபாய் கொண்டுவந்து கொடுத்தார். மொத்தம் 7,450 சேர்ந்தது. பணத்தைக் கட்டும்போது 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று தனியாகக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். இல்லாவிட்டால் பொதுக் கணக்கில் போய்விடும். ரசீதை வாங்கிப் பாப்பாவின் அட்டையோடு வைத்திருக்கிறேன்.

தீபாவளி போனஸ் போடும் வாரம் மறுபடி போக வேண்டும். மேல் லயத்தில் இன்னும் 9 வீடு பாக்கி.