எல்லா வேலைக்கும் ஒரே ஸ்பேனர்

ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்னப் பட்டறையில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறேன். எங்களுக்குச் சோறு போடுவது வண்டிப் பாகங்கள்தான். நடுவில் ஓர் ஏற்றுமதி ஆர்டர் வந்தது: ஏ.ஆர்.-15 வகைத் துப்பாக்கியைப் பூட்டவும் கழற்றவும் உதவும் ஸ்பேனர். ஒரு முனையில், குழலைத் துப்பாக்கி உடலோடு பூட்டும் பேரல் நட்டைப் பிடிக்கும் பற்கள், மறுமுனையில் பின்கட்டைப் பக்கம் வரும் காஸில் நட்டுக்கான கொக்கி, சுடும்போது வரும் தீப்பிழம்பை மட்டுப்படுத்தக் குழல் வாயில் மாட்டும் ஃபிளாஷ் ஹைடருக்கு ஒரு வாய், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் நுழைய அரை அங்குலச் சதுர ஓட்டை. எல்லாம் ஒரே தகட்டில்.

வாங்குகிறவருக்கு வசதி. செய்கிறவனுக்குத் தலைவலி. தனித்தனி ஸ்பேனர் என்றால் கெட்டதை மட்டும் ஒதுக்கலாம். இதில் ஒரு பல் அளவு தப்பினாலும் மொத்தத் தகடும் ஸ்கிராப். அப்புறம், சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்கும் ஹீட் ட்ரீட்மென்ட். மெட்டீரியல் இ.என்.19 என்ற எஃகு. சோதனைக்குப் போன துண்டுகளில் சில, சதுர ஓட்டையின் மூலையில் மயிரிழை விரிசலோடு திரும்பின. உள்மூலை கூராக இருந்தால், எண்ணெயில் குளிரவைக்கும்போது இழுவிசை அங்கேதான் குவியும். மூலைக்குக் கொஞ்சம் ரேடியஸ் கொடுக்க வாடிக்கையாளரிடம் அனுமதி வாங்கினோம். விரிசல் நின்றது.

எங்கள் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் பாலக்கோட்டுக்காரர். ராணுவத்தில் ஆயுதப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“பல்லு கெடக்கட்டும் தம்பி. டார்க் ரெஞ்ச எந்தப் பக்கமா மாட்டுவாங்க?”

டிராயிங்கில் அது இல்லை. நானும் அதை யோசித்ததில்லை. அவர் ஒரு அட்டையில் போட்டுக் காட்டினார். பேரல் நட்டை 30 முதல் 80 அடி-பவுண்டு முறுக்குவிசை வரை முறுக்கலாம். ஸ்பேனரும் டார்க் ரெஞ்சும் ‘எல்’ மாதிரி செங்கோணத்தில் நின்றால் ரெஞ்ச் காட்டுவதுதான் நட்டுக்குப் போகும். இரண்டையும் ஒரே கோட்டில் நீட்டி மாட்டினால் கைப்பிடியின் நீளம் கூடிவிடும். ரெஞ்ச் 40 சென்டிமீட்டர், நட்டுக்கும் ஓட்டைக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் என்றால், 80 வைத்து முறுக்கும்போது நட்டில் விழுவது 100. அந்த நட்டு ஏறும் மரையோ அலுமினியம்.

அதோடு நட்டின் பள்ளம், குழலிலிருந்து வாயுவைப் பின்னால் கொண்டுவரும் கேஸ் டியூபுக்கு நேராக வரவேண்டும். நேராக வரவில்லை என்றால் முன்னோக்கித்தான் அடுத்த பள்ளத்துக்குப் போகவேண்டும், பின்னோக்கித் தளர்த்தி நிறுத்தக்கூடாது. ஏற்கனவே கணக்குத் தப்பிய கை அங்கே இன்னும் கொஞ்சம் முறுக்கும்.

“நம்ம பழைய எஸ்.எல்.ஆர். துப்பாக்கிக்கும் ஒரு கூட்டு டூல் உண்டு, கேஸ் ரெகுலேட்டரத் திருப்ப. வெளில, களத்துல இருக்கறப்ப அது சரி. வொர்க்‌ஷாப் மேசைக்கு வந்துட்டா ஒண்ணொண்ணுக்கும் தனி டூல்தான்” என்றார். எனக்கும் இப்போது அதே எண்ணம்தான், ஆர்டர் இருக்கும்வரை வெளியே சொல்லமாட்டேன்.

அந்த ‘எல்’ படத்தைத் தகட்டிலேயே லேசரில் பொறித்துவிடலாமா என்று வாடிக்கையாளருக்கு எழுதிக் கேட்டோம். இடமில்லை என்று பதில் வந்தது. பாட்டில் மூடி திறக்கும் கொக்கிக்கு மட்டும் அதே தகட்டில் தாராளமாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சரி என்று, படத்தை ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்துப் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறோம்.