கியர் விழவில்லை என்றால் முதலில் என்ஜினை அணையுங்கள்

கியர் சரியாக விழவில்லை என்று பட்டறைக்குப் போனால், பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில் "கிளட்ச் செட்டை மாற்றிவிடலாம்" என்பதுதான். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகிய மூன்றும் அடங்கிய அந்த செட்டை மாற்றக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்பதால், பொருளின் விலையோடு கூலியும் கணிசமாக ஏறிவிடுகிறது. அதற்குச் சம்மதிக்கும் முன், கோளாறு கிளட்சிலா கியர் பக்கத்திலா என்பதை உரிமையாளரே பிரித்தறிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, என்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்தபடி எல்லாக் கியர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அப்போது எளிதாக விழும் கியர்கள் என்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டுபிடித்தால், பெடலை முழுவதும் மிதித்தும் கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை, அதாவது என்ஜினையும் கியர்பாக்ஸையும் அது முழுதாகப் பிரிக்கவில்லை என்று கருதலாம். என்ஜின் அணைந்திருக்கும்போதும் கியர் ராடு இறுக்கமாகவே இருந்தால், கியர் கேபிளையும் அதன் புஷ்களையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ரிவர்ஸ் கியர் இன்னொரு நல்ல சாட்சி: கியர்கள் உரசாமல் இணைய அவற்றின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையம் பல கார்களில் அதற்குக் கிடையாது என்பதால், கிளட்சை மிதித்துச் சில விநாடிகள் காத்திருந்த பிறகும் கறகறவென்று சத்தம் வந்தால், உள்ளே பிளேட் இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது.

கிளட்ச் விடுபடாததற்குக் காரணம் பல நேரங்களில் மலிவானது. கேபிள் கிளட்ச் உள்ள கார்களில் கேபிள் தளர்ந்திருக்கலாம். அதைச் சரியான அளவுக்கு இழுத்துவைத்தாலே போதும். திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்சாக இருந்தால், பெடலை நாலைந்து முறை அடுத்தடுத்து மிதித்ததும் கியர் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால், குழாயில் காற்று புகுந்திருக்கலாம் அல்லது கிளட்ச் சிலிண்டரில் கசிவு இருக்கலாம். பிரேக் ஆயில் அளவையும் அப்போதே பார்த்துவிடுங்கள், ஏனெனில் பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே தொட்டிதான். சில மாடல்களில் மட்டும், அந்தத் திரவ அழுத்தத்தை வாங்கிக் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருப்பதால், அவற்றில் கியர்பாக்ஸை இறக்குவது தவிர்க்க முடியாதது.

கிளட்ச் வழுக்குவது இதற்கு நேர்மாறான நோய். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது என்ஜின் சுற்று மட்டும் ஏறி, வேகம் கூடாமல், கருகிய வாடையும் வந்தால், பிளேட் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் கேபிள் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருந்தாலும் இதே அறிகுறி தெரியும் என்பதால், அதைச் சோதிக்காமல் செட்டை மாற்றக் கூடாது.

ஒரே ஒரு கியர் மட்டும் உரசினால் அந்தக் கியரின் சிங்க்ரோ வளையத்தையும், பெடலை மிதித்தால் மட்டும் இரைச்சல் வந்தால் ரிலீஸ் பேரிங்கையும் சந்தேகிக்கலாம். கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும் என்றானால், கிளட்ச் பிளேட் அழுந்தும் ஃபிளைவீலின் முகப்பையும் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்புற ஆயில் சீலையும் உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். சீல் கசிந்துகொண்டிருந்தால், புதிய பிளேட்டும் எண்ணெய் பட்டு விரைவிலேயே வழுக்கத் தொடங்கிவிடும்.