செங்குத்து என்ற சொல்லும் இரண்டு பலகைகளும்

அக்கா மகள் ஒரு சாய்தளக் கணக்கோடு, அதாவது சாய்ந்த பலகைமேல் பெட்டி இருக்கும் கணக்கோடு, வந்து உட்கார்ந்தாள். மூன்று முறை போட்டும் விடை வரவில்லையாம். அவள் வரைந்திருந்த படத்திலேயே காரணம் இருந்தது. எடையை நேராகக் கீழே வரைந்திருந்தாள், சரி. ஆனால் செங்குத்து விசையை, அதாவது பலகை பெட்டியைத் திருப்பித் தள்ளும் விசையை, நேராக மேலே வரைந்திருந்தாள்.

"செங்குத்து விசைன்னுதானே மாமா போட்டிருக்கு? அப்போ நேரா மேலதானே?"

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பேச்சில் செங்குத்து என்றால் நெட்டுக்குத்தலாக நிற்பது. வடிவியலில் ஒரு கோட்டுக்கு 90 பாகையில் நிற்பது. தட்டையான மேசைமேல் பெட்டி இருக்கும்வரை இரண்டு பொருளும் ஒன்றாகவே விழும், குழப்பம் வெளியே தெரியாது. மேசை சாய்ந்ததும் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. இந்த விசை பரப்புக்குச் செங்குத்து, தரைக்கு அல்ல. பலகை தன்னை அழுத்தும் பெட்டியைத் தன் முகத்திலிருந்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். தரை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது பலகைக்குத் தெரியாது.

அம்பைத் திருத்திய பிறகு அடுத்த சந்தேகம்: எடையைச் சரிவின் வழியே இழுப்பது, பலகையை அழுத்துவது என்று இரண்டாகப் பிரிக்கும்போது, சரிவின் வழியே வருவது சைனா, காஸா? நான் படித்த காலத்தில் இதை மனப்பாடம்தான் செய்தேன், தேர்வில் மாற்றியும் எழுதியிருக்கிறேன். இப்போது அவளுக்குச் சொன்னது இது: பலகையை மனத்தில் முழுக்கப் படுக்க வை. கோணம் 0. பெட்டியைச் சரிவு வழியே இழுக்க எதுவும் இல்லை. சைன் 0 தானே பூஜ்யம்? அப்போ சரிவு வழிக்கு சைன். இனி பலகையை நிமிர்த்தி வை. கோணம் 90. பெட்டி பலகையை அழுத்தவே இல்லை. காஸ் 90 பூஜ்யம். அப்போ அழுத்தத்துக்கு காஸ். எந்தப் பக்கம் எந்தக் கோணம் என்று முக்கோணத்தை உற்றுப் பார்ப்பதைவிட இந்தச் சோதனையையே நான் நம்புவேன்.

அப்புறம்தான் நல்ல கேள்வி வந்தது. "நீளமான பலகை போட்டா வேலை குறையும்தானே மாமா?"

வேலை என்பதும் செங்குத்து மாதிரிதான். நாம் அதில் சிரமத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். இயற்பியலில் வேலை என்பது விசையும், அந்த விசையின் திசையில் நகர்ந்த தூரமும் பெருக்கியது. பேசுவதைவிடச் செய்து பார்ப்போம் என்று ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகளை எடுத்தோம், 1 மீட்டரில் ஒன்று, 2 மீட்டரில் ஒன்று. அரை மீட்டர் உயர ஸ்டூல். புத்தகம் அடைத்து 2 கிலோவாக்கிய மரப்பெட்டி. ஒரு சுருள்வில் தராசு.

நேராகத் தூக்கினால் 19.6 நியூட்டன் விசை, அரை மீட்டருக்கு 9.8 ஜூல் வேலை. உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டால் குட்டைப் பலகையில் 9.8 நியூட்டன், 1 மீட்டர். நெட்டைப் பலகையில் 4.9 நியூட்டன், 2 மீட்டர். எப்படிப் பெருக்கினாலும் அதே 9.8 ஜூல். செங்குத்து விசை நகர்வுக்குக் குறுக்கே நிற்பதால் அது செய்யும் வேலை பூஜ்யம். விசை பாதியாகும்போது தூரம் இரட்டிக்கிறது. நீளம் இருமடங்கானால் பாதி விசையே போதும் என்பதை 1586-இல் சைமன் ஸ்டெவின் என்ற கணித அறிஞர் ஒரு முக்கோணத்தின்மேல் மணிகள் கோத்த மாலையைத் தொங்கவிடுவதாகக் கற்பனை செய்தே காட்டினார். மாலை தானாக ஓடினால் என்றென்றும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது நடக்காது, ஆகவே நீளமான சரிவில் இரு மடங்கு மணிகள் கிடந்தாலும் இரு சரிவிலும் இழுப்பு சமம். கணக்கே போடாமல் இதைக் கண்டுபிடித்தாரே என்று ஒவ்வொரு முறையும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

ஆனால் எங்கள் பலகையில் உராய்வு உண்டு. படுக்கவைத்த பலகையில் பெட்டியை ஒரே வேகத்தில் இழுத்தபோது தராசு கிட்டத்தட்ட 6 நியூட்டன் காட்டியது, அதாவது உராய்வை அழுத்தும் விசையால் வகுத்தால் வரும் உராய்வுக் குணகம் சுமார் 0.3. குட்டைப் பலகையில் மேலே இழுத்தபோது முள் 15-ஐ ஒட்டி ஆடியது. நெட்டைப் பலகையில் 10-க்கும் 11-க்கும் இடையில். பெருக்கிப் பார்த்தாள்: முதலாவது சுமார் 15 ஜூல், இரண்டாவது சுமார் 21 ஜூல். கைக்குச் சுலபமாக இருந்த பலகையில்தான் வேலை அதிகம்! அவள் மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். மாறவில்லை.

காரணம் அழகானது. உராய்வு என்பது குணகம், எடை, காஸ் தீட்டா மூன்றின் பெருக்கம் (தீட்டா என்பது பலகையின் சாய்வுக் கோணம்). அதைப் பலகையின் நீளத்தால் பெருக்கும்போது, நீளமும் காஸ் தீட்டாவும் சேர்ந்து பலகையின் கிடைத்தள நீளம் ஆகிவிடுகிறது, உச்சி வெயிலில் தரையில் விழும் அதன் நிழல் மாதிரி. அப்படியானால் உராய்வுக்குக் கொடுக்கும் வேலை, பெட்டியை அந்த நிழலின் நீளத்துக்குத் தட்டையாக இழுப்பதற்குச் சமம். எங்கள் நிழல்கள் 0.87 மீட்டரும் 1.94 மீட்டரும். உயரத்துக்கு ஒரு விலை, நிழலுக்கு ஒரு விலை. கோணம் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுகிறது.

கடைசியில் பெட்டியைப் பாதி வழியில் விட்டுப் பார்த்தாள். குட்டைப் பலகையில் சறுக்கி வந்தது. நெட்டைப் பலகையில் அப்படியே நின்றது. உயரத்தை நிழலால் வகுத்தால் முதலாவதில் 0.58, அடுத்ததில் 0.26. இந்த எண் குணகத்தைவிடப் பெரிதானால் பெட்டி சறுக்கும், சிறிதானால் நிற்கும். எங்கள் 0.3 இரண்டுக்கும் நடுவில். நிற்கும் பெட்டிக்கு அவளே படம் வரைந்தாள். செங்குத்து விசை பலகையோடு 90 பாகையில், சரியாக. உராய்வு அம்பை முன்பு போலவே சரிவின் கீழ்நோக்கிப் போட்டவள், கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்போ யாரும் மேல இழுக்கலையே மாமா" என்று சொல்லி அழித்துவிட்டு, மேல்நோக்கிப் போட்டாள். பக்கத்தில் 4.9 நியூட்டன் என்று எழுதினாள்.