21-ஆம் தேதிக்குள்

2025 பிப்ரவரி 3, திங்கள்

குரல் நாணில் ஒரு திட்டு. இரண்டு வாரம் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாதாம், அது குரல் நாணுக்கு இன்னும் கெடுதலாம். அண்ணன் கடைத்தெருவில் ஒரு சிலேட்டு வாங்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 4

14 அழைப்புகள். ஒன்றையும் எடுக்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைப் பெரிதாக எழுதி எங்கள் நுகர்வோர் சங்க அலுவலகக் கதவில் ஒட்டவைத்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று ஒருவர் குளிர்சாதனப் பெட்டிப் புகாரோடு வந்தார். வாங்கி ஏழு மாதத்தில் கம்ப்ரஸர் போய்விட்டது. கடைக்காரர் நிறுவனத்தைக் கை காட்டுகிறார், நிறுவனம் சர்வீஸ் சென்டரைக் கை காட்டுகிறது. இந்த மாதிரிப் புகார் ஆயிரம் பார்த்திருப்பேன். வழக்கமாக அவர் உட்காரும் முன்பே பில் இருக்கிறதா, எந்தத் தேதி, எவ்வளவு ரூபாய் என்று கேட்டிருப்பேன். மூன்று கேள்வியில் முடிந்திருக்கும்.

இன்று என்னால் கேட்க முடியவில்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தார். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்து, எழுந்திருக்கும் நேரத்தில், அம்மாவின் இன்சுலின் அதில்தான் இருந்தது என்றார். பெட்டி நின்றுபோனது தெரியாமல் நான்கு நாள் அதையே போட்டிருக்கிறார்கள். சர்க்கரை ஏறி அம்மா மயங்கி விழுந்திருக்கிறார்.

எங்கள் புகார் மனுக்களில் மன உளைச்சல் என்று ஒரு பத்தி உண்டு. 1991-இல் சங்கம் தொடங்கியபோது யாரோ எழுதிக் கொடுத்த வாசகம். பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி 34 வருடமாக அதையே தட்டச்சு செய்து வருகிறோம். இன்று அந்தப் பத்தியை அடித்துவிட்டு, இன்சுலின் குப்பிகளைப் பற்றி எட்டு வரி எழுதினேன். இதற்கு முன் வந்தவர்கள் எழுந்திருக்கும் நேரத்தில் என்னென்ன சொல்ல இருந்தார்களோ.

பிப்ரவரி 8

விடியற்காலையில் தையல்காரர் கனவில் வந்தார்.

பிப்ரவரி 12, புதன்

மதியம் ஒரு மணிக்கு ஒரு பெண் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ரேஷன் கார்டு உறைக்குள் எல்லாக் காகிதங்களையும் மடித்து வைத்திருந்தார். சிலேட்டைப் பார்த்ததும், "டீச்சரம்மாவுக்கு என்ன?" என்று அண்ணனிடம் கேட்டார். பிறகு பெஞ்சில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். நானும் இறங்கித் தரையில் உட்கார்ந்தேன்.

ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். தாளடி, குறுவைக்கு அடுத்த நெல் போகம். ஆடுதுறை 46 ரக விதை நெல் என்று சொல்லி 30 கிலோ பையாக மூன்று பை கொடுத்திருக்கிறார்கள். நட்டு, களையெடுத்து, உரம் போட்டு எல்லாம் ஆன பிறகு கதிர் வரும்போதுதான் தெரிந்திருக்கிறது. ஒரு பகுதி முன்னதாகப் பூத்துவிட்டது. இன்னொரு பகுதி பச்சைப் பசேலென்று நின்றது. முற்றியதற்காக அறுத்தால் மற்றது பால் பிடிக்காத பதர். மற்றதற்காகக் காத்திருந்தால் முற்றியது கொட்டிப்போகும். அறுத்ததைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல். களத்திலேயே நான்கு நாள் காயப்போட்டுக் காவல் இருந்திருக்கிறார்கள்.

பில் வீட்டுக்காரர் பெயரில். அவர் போன தீபாவளிக்கு முந்தின வாரம் இறந்துவிட்டார். கடைக்கும் நிறுவனத்துக்கும் அலைந்தவர் அவர்தான். இந்தம்மாவுக்குக் காகிதங்கள் டிரங்குப் பெட்டியில் கிடைத்ததே பொங்கலுக்குப் பிறகு.

வேளாண்மை அலுவலரின் வயல் ஆய்வு அறிக்கையைப் பிரித்தேன். கலப்புப் பயிர்கள் காணப்பட்டன என்று தெளிவாக எழுதியிருக்கிறார். தேதியைப் பார்த்தேன். 21.02.2023.

சிலேட்டில் 9 என்று எழுதி அவரிடம் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

பிப்ரவரி 13

தூக்கம் இல்லை. இரவு முழுவதும் ஒரே கணக்கு.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 69. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. எந்த நாளில் எழுந்தது? எதிர்தரப்பு வக்கீல் விதை வாங்கிய நாளிலிருந்து எண்ணுவார். அப்படி எண்ணினால் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் விதையின் குற்றம் பைக்குள் தெரியாது. நாற்றங்காலில் தெரியாது. நட்ட பிறகும் தெரியாது. கதிர்தான் காட்டிக்கொடுக்கும். ஓர் அதிகாரி வயலில் இறங்கி நின்று இது கலப்பு என்று எழுதிய நாளைத்தான் அவர் அறிந்த நாளாகக் கொள்ள வேண்டும். அதை விட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு. போதுமான காரணம் காட்ட வேண்டும். கணவர் இறந்தது போதுமான காரணம்தான். ஆனால் அவர் இறந்தது 2024 அக்டோபரில். அதற்கு முன்பு ஒன்றரை வருடம் என்ன செய்தீர்கள் என்பார்கள். அவர் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவர்களும் பரிசீலிக்கிறோம், பரிசீலிக்கிறோம் என்று பதில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடிதப் போக்குவரத்து காலவரையறையை நீட்டாது. இதை நான் மேடைதோறும் சொல்லியிருக்கிறேன். தையல்காரரிடம் மட்டும் சொல்லவில்லை.

பிப்ரவரி 14

வாரிசுச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை. இறப்புச் சான்றும் குடும்ப அட்டையும் வைத்துத் தாக்கல் செய்யலாம், வாரிசுச் சான்றைப் பிறகு கொடுக்கலாம் என்கிறாள் வக்கீல் பெண். வாங்கியவர் இறந்துவிட்டால் சட்டப்படியான வாரிசு புகார் கொடுக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அவள் சொல்வது சரி. போன வருடம்தான் பதிவு செய்தவள். என்னைவிட நிதானமாக இருக்கிறாள்.

பில் என்று அவர்கள் கொடுத்தது துண்டுச் சீட்டு. கடைப்பெயர் இல்லை, விதை எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் குவியல் எண் இல்லை. விதை விற்பவர் பில் தந்தே ஆக வேண்டும் என்று 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. தராதவரிடம் கேட்டு வாங்க யாருக்குத் தைரியம் வருகிறது? அவரிடம்தான் உரத்துக்கும் கடன் சொல்ல வேண்டும்.

பை வேண்டும். பையோடு தைத்திருக்கும் அட்டை வேண்டும்.

பிப்ரவரி 15, சனி

அண்ணனின் ஸ்கூட்டரில் அவர் ஊருக்கே போய்விட்டேன். வெயிலில் அலையக் கூடாது என்றுதான் மருத்துவர் சொல்லியிருந்தார்.

இரண்டு பைகள் கிடைக்கவில்லை. மூன்றாவதை ஆட்டுக்கொட்டகையில் சாரலுக்கு மறைப்பாக ஆணி அடித்து வைத்திருந்தார்கள். இரண்டு மழைக்காலம் பார்த்த பை. நிறுவனத்தின் பெயர் பாதி உரிந்துபோயிருந்தது. வாய்ப்பக்கம் மடிந்து உள்ளே போயிருந்ததால் தையல் மட்டும் பிரியாமல் இருந்தது. நூலில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. சான்று விதைக்கு நீல அட்டை. இது வெள்ளையாகத் தெரிந்தது, வெள்ளை என்றால் சான்று விதைக்கு முந்தின தலைமுறையான ஆதார விதை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மெல்ல மடிப்பை விரித்தேன். வெயில் படாத உள்பக்கத்தில் நீலம் அப்படியே இருந்தது.

மை போய்விட்டது. ஆனால் அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் குவியல் எண் அழுந்திய தடம் தெரிகிறது. அந்தம்மா தன் புடவைத் தலைப்பால் நிழல் பிடித்தார். ஓர் எழுத்தும் நான்கு எண்களும். அண்ணன் ஆறு படம் எடுத்தார். முளைப்புத்திறன் குறைந்தது 80, புறத்தூய்மை குறைந்தது 98 என்றெல்லாம் அச்சடித்து உறுதி கொடுத்த அட்டை, ஆட்டுப் புழுக்கை வாசத்தோடு இப்போது என் பையில் இருக்கிறது.

பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

பிப்ரவரி 16

செயற்குழு. அடுத்த தலைவர் யார் என்ற பேச்சைப் பொருளாளர் எடுத்தார். சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: 21-க்குப் பிறகு.

பிப்ரவரி 18

இன்று மறுபரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

பிப்ரவரி 19, புதன்

மனு 11 பக்கம். 2012-இல் மதுசூதன் ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மூன்றாவது பக்கத்தில் வைத்திருக்கிறோம். விதை வாங்கும் விவசாயி நுகர்வோர்தான், விதைச் சட்டம் ஒன்று தனியாக இருப்பதால் இந்தக் கதவு மூடிவிடாது. வாங்கிய விதையில் ஒரு பிடியை ஆய்வுக்கென்று எடுத்து வைத்திருக்கவில்லையே என்று விவசாயியைக் கேட்பதிலும் நியாயம் இல்லை, நம்பி வாங்கியவர் முழுவதையும் விதைக்கத்தான் செய்வார். இந்த இடத்தை வக்கீல் பெண் படித்துக் காட்டியபோது அந்தம்மா, "ஒரு பிடிகூட மிச்சம் வைக்கவில்லையே, டீச்சரம்மா. அவர் சிந்தினதைக்கூடப் பொறுக்கி விட்டார்" என்றார்.

நோட்டரி திருமணத்துக்குப் போய்விட்டார். மண்டப வாசலில் காத்திருந்து பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். அவர் கையில் சந்தனம். இரண்டாம் பக்க ஓரத்தில் ஒரு விரல் ரேகை மஞ்சளாகப் பதிந்துவிட்டது.

பிப்ரவரி 20

மாலை 4.40-க்கு இணையத்தில் பதிவாகிவிட்டது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. எண் வந்தது. அந்தம்மா அதை உள்ளங்கையில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

பிப்ரவரி 21

ஒன்றும் செய்யவில்லை. மொட்டைமாடியில் வற்றலுக்குக் காவல் இருந்தேன்.

பிப்ரவரி 25

திட்டு கரையவில்லை. மார்ச் 4 அறுவைச் சிகிச்சை. சின்னதுதானாம். எடுத்ததைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம். எதற்கு என்று சிலேட்டில் எழுதினேன். "எல்லோருக்கும் அனுப்புவதுதான்" என்றார் மருத்துவர். இதே வாக்கியத்தைத்தான் நானும் வருகிறவர்களிடம் சொல்வேன், நோட்டீஸ் வந்து பயந்துபோய் ஓடி வருகிறவர்களிடம்.

பிப்ரவரி 27

பஸ் நிலையத்து வேப்பமரத்தடியில் தையல்காரர். கும்பிட்டார். ஒவ்வொரு முறையும் கும்பிடுகிறார்.

கடை எரிந்தது. காப்பீட்டு நிறுவனம் மறுத்துக் கடிதம் அனுப்பியது. அந்தக் கடிதத்தை அவர் என்னிடம் கொடுத்தார். கோப்பில் வைத்தேன். பொதுக்குழு முடியட்டும், அடுத்த மாதம் வாருங்கள் என்றேன். அவர் வரவில்லை. நிறுவனத்துக்கு மேல்முறையீடு எழுதிக்கொண்டிருந்தார், பதில் வரும் வரை நாள் ஓடாது என்று நினைத்திருந்தார். திரும்ப வந்தபோது 2 ஆண்டும் 9 நாளும். மன்னிப்பு மனு போட்டோம். தள்ளுபடி. 9 நாள். கடிதம் என் கோப்பில்தான் இருந்தது. அதன் தேதியை நான்தான் பார்த்திருக்க வேண்டும்.

அவருக்கு என்மீது கோபமே இல்லை. அன்றைக்கும் கிளம்பும்போது, அலுவலக ஜன்னல் திரைக்கு ஓரம் பிரிந்திருக்கிறது, கொடுங்கள் தைத்துத் தருகிறேன் என்றார். தைத்தும் கொடுத்தார். அந்தத் திரைதான் இன்னும் தொங்குகிறது.

மார்ச் 3

நாளை. கோப்புகளையெல்லாம் கடைசி நாள் வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்பு மையில் தேதி எழுதிவிட்டேன். மொத்தம் 37. இதை 34 வருடத்துக்கு முன்பே செய்திருக்கலாம்.

மார்ச் 6

வலி அதிகம் இல்லை. மீண்டும் சிலேட்டு.

மார்ச் 11, செவ்வாய்

நுகர்வோர் ஆணையத்தில் மனு அனுமதிக்கு வந்தது. பின்வரிசையில் அந்தம்மாவோடு உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். தலைவர் கேட்ட முதல் கேள்வியே காலவரையறைதான். என் தொண்டை தானாக அசைந்தது, தையல் போட்ட இடம் இழுத்தது. வக்கீல் பெண் எழுந்தாள். கதிர் வந்த பிறகுதான் கலப்பு தெரியும், அதற்கு முன் விவசாயி எதைக் கொண்டு புகார் கொடுக்க முடியும் என்றாள். ஆய்வறிக்கையை நீட்டினாள். பிறகு அட்டையை, பிளாஸ்டிக் உறையில் போட்டு. உறுப்பினராக இருந்த அம்மையார் அதை வாங்கி ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். நாங்கள் கொட்டகையில் பார்த்த அதே சாய்வு.

கோப்பில் எடுக்கப்பட்டது. எதிர்தரப்புக்கு நோட்டீஸ். பதிலுரைக்கு 30 நாள், கேட்டால் இன்னும் 15, அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2020-இல் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. காலவரையறையை அவர்கள் பதிலுரையில் மறுபடி எழுப்புவார்கள். எழுப்பட்டும்.

மார்ச் 12

மாசி மகம். பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இல்லை. அந்தம்மா முளைக்கீரை ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

நுகர்வோர் தினம் நாளைக்கு. பெண்கள் பள்ளியில் இன்றே வைத்துவிட்டார்கள். வருடா வருடம் கென்னடி 1962-இல் பேசியதிலிருந்து தொடங்குவேன். இந்த முறை ஒரு காலி எரிவாயு சிலிண்டரையும் தராசையும் மேடையில் வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே சுற்றி வந்து பட்டையைப் படித்தார்கள். 15.3 என்றால் காலி எடை, அதோடு 14.2 சேர்ந்தால்தான் நிறைந்த சிலிண்டர். டி-27 என்றால் என்ன என்று ஒருத்தி கேட்டாள். பக்கத்தில் நின்றவள், ஏ பி சி டி நான்கு காலாண்டு, டி என்றால் டிசம்பர், 2027 டிசம்பருக்குள் மறுபடி சோதிக்க வேண்டும் என்றாள். அவள் வீட்டில் சிலிண்டர் போடுகிறவர் அவள் அப்பாவாம். "நாங்கள் யாரும் எடை போட்டு வாங்கியதே இல்லை" என்று ஓர் ஆசிரியை என்னிடம் மெல்லச் சொன்னார்.

மார்ச் 17, திங்கள்

அலுவலகத்தில் தனியாக இருந்தேன். போன் அடித்தது, மருத்துவமனை எண். எடுத்துக் காதில் வைத்தேன். அம்மா, ரிப்போர்ட் வந்துவிட்டது, கேட்கிறதா, யாரையாவது அனுப்புகிறீர்களா, அம்மா, லைனில் இருக்கிறீர்களா என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். ரிசீவரில் விரலால் இரண்டு முறை தட்டினேன். அவளுக்கு விளங்கவில்லை. வைத்துவிட்டாள்.

அண்ணன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மணி 11.20. விதைச் சான்று அலுவலகத்திலிருந்து அந்தக் குவியலின் பதிவேட்டை வரவழைக்கக் கோரும் மனு பாதியில் நிற்கிறது. அடுத்த கோப்பின் முதுகில் இருக்கும் தேதி மார்ச் 29.