ஒரு பிட்சரும் பந்துக் கணக்கும்

22 ஜூன் 2023
ஒமாஹாவில் கல்லூரி பேஸ்பால் உலகத் தொடரின் அரையிறுதி. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு (எல்.எஸ்.யு.) பிட்சராக, அதாவது பந்து வீச, பால் ஸ்கீன்ஸ், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ரெட் லவுடர். இரண்டு பேருமே ஒரு ரன்கூட விடவில்லை. கடைசியில் பதினோராவது இன்னிங்ஸில் டாமி வைட் அடித்த ஹோம் ரன்னில் எல்.எஸ்.யு.வுக்கு 2-0 வெற்றி. ஸ்கீன்ஸ் எட்டு இன்னிங்ஸில் விட்டது இரண்டே ஹிட் (பேட்ஸ்மேன் அடித்துத் தளத்துக்கு ஓடிச் சேர்வது). சீசன் கணக்கு 209 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்ஸ்மேனை வெளியேற்றுவது). பென் மெக்டொனால்ட் 1989இல் வைத்த 202 என்ற எல்.எஸ்.யு. சாதனை காலி. ஆனால் இன்று மட்டும் 120 பந்து! இருபத்தொரு வயசுப் பையனின் தோள்பட்டை என்னத்துக்கு ஆகும்?

9 ஜூலை 2023
மேஜர் லீக் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஸ்கீன்ஸை முதல் ஆளாக எடுத்தது எங்கள் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். அடுத்த பெயர் டிலன் க்ரூஸ், அவனும் எல்.எஸ்.யு.தான். ஒரே கல்லூரிக்காரர்கள் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது இதுவரை நடக்காதது.
ஸ்கீன்ஸ் முதலில் படித்தது விமானப்படை அகாடமியில். பந்து வீசியதோடு கேட்ச்சராகவும் ஆடினான். மூன்றாம் ஆண்டில் கால் வைத்தால் படிப்பு முடிந்ததும் படையில் வேலை பார்த்தே ஆகவேண்டும் என்பது அங்கே விதி. விட்டு வர மனசே இல்லாமல்தான் வந்தானாம்.

10 செப்டம்பர் 2023
92 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய கை. மேஜர் லீக்குக்குக் கீழ்ப்படியான மைனர் லீக்கில் இந்த வருடம் வீசவிட்டது ஏழு இன்னிங்ஸ்கூட இல்லை. கஞ்சத்தனம்தான், ஆனால் புரிகிறது.

11 மே 2024
மைனர் லீக் அணியான இண்டியானாபொலிஸில் ஏழு ஆட்டம், 45 ஸ்ட்ரைக் அவுட். அதற்குமேல் இழுத்தடிக்க முடியாமல் இன்று மேஜர் லீக்கில் இறக்கிவிட்டார்கள். எதிரே சிகாகோ கப்ஸ். முதல் பேட்ஸ்மேன் டாக்மன் ஸ்ட்ரைக் அவுட். மணிக்கு நூறு மைலைத் தாண்டிய பந்துகள் மட்டும் 17. ஸ்பிளிட்டரும் சிங்கரும் கலந்த ஸ்ப்ளிங்கர் என்ற பந்து வேறு. நேராக வருவது போல வந்து பேட்ஸ்மேன் முன்னால் இருக்கும் ஹோம் பிளேட்டுக்குப் பக்கத்தில் பொத்தென்று இறங்குகிறது. ஐந்தாவதில் இரண்டு ரன்னரை விட்டுவிட்டு வெளியேறினான். அப்புறம் புல்பென், அதாவது மாற்று பிட்சர்கள், வந்தது. வாக் (நான்கு தவறான பந்துக்கு பேட்ஸ்மேனுக்கு இலவசமாக முதல் தளம்) மேல் வாக் கொடுத்தே ரன்னை வாரி இறைத்தார்கள். நடுவில் மழை வேறு. எப்படியோ 10-9 என்று ஜெயித்தோம்.

17 மே 2024
சிகாகோவின் ரிக்லி மைதானத்தில் ஆறு இன்னிங்ஸ், ஒரு ஹிட் கிடையாது, 11 ஸ்ட்ரைக் அவுட். நூறு பந்து ஆனதும் எடுத்துவிட்டார்கள். ஆபீசில் ஒரு லூசியானாக்காரர் பொருமித் தள்ளிவிட்டார்: “எங்க ஊர்ல 120 போட்டவன் சார் அவன்!” அந்த 120தான் எனக்குப் பயம் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை.

11 ஜூலை 2024
மில்வாக்கியில் ஏழு இன்னிங்ஸ், மறுபடியும் ஹிட்டே இல்லை, 99 பந்து. மறுபடியும் எடுத்துவிட்டார்கள். இந்தத் தடவை எனக்கே பொறுக்கவில்லை. 1-0 என்று ஜெயித்ததால் பிழைத்தார் எங்கள் மேனேஜர் ஷெல்டன்.

16 ஜூலை 2024
டிராஃப்ட் முடிந்து ஒரு வருடம்தான் ஆகிறது, ஆல் ஸ்டார் ஆட்டத்தில் நேஷனல் லீக் அணிக்கு முதல் பிட்சர் இவன்தான்! ஒரு இன்னிங்ஸ்தான். சோட்டோவுக்கு வாக், ஜட்ஜ் தரையோடு அடித்து அவுட்.

23 ஜூலை 2024
இன்று கார்டினல்ஸுக்கு எதிராக ஒன்பதாவது இன்னிங்ஸுக்கும் அனுப்பினார்கள். எழுந்து நின்று கைதட்டினேன். அந்த இன்னிங்ஸிலேயே அவர்கள் முந்திவிட்டார்கள், 2-1. மேஜர் லீக்கில் பையனுக்கு முதல் தோல்வி. லூசியானாக்காரருக்கு நாளை என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும்.