மாடியில் ஒரு வருஷம், பெஞ்சில் இரண்டு வருஷம்

பேரணாம்பட்டில் இருக்கும் என் சித்தி மகள் பிளஸ் டூ முடித்த கையோடு போன் செய்தாள். "அக்கா, தினம் பஸ்ஸுல தொங்கிகினு போறதுக்கு, வீட்டுல இருந்துகினே ஆன்லைன்ல டிகிரி முடிச்சா இன்னா?"

அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். நான் 2020இல் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தவள். கொரோனாவால் முதல் வருஷம் ஏறக்குறைய முழுக்கப் போனில்தான் ஓடியது. நடுவில் 2021 பிப்ரவரியில் கல்லூரியைத் திறந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவள் பெயர் மனதில் நிற்பதற்குள் மார்ச்சில் மூடிவிட்டார்கள். செப்டம்பரில் திறந்த பிறகு மீதி இரண்டு வருஷமும் குடியாத்தத்திலிருந்து வேலூருக்குப் பஸ்.

எங்கள் தெருவில் தறி ஓடும். மைக்கை ஆன் செய்தால் என் குரலுக்கு முன்னால் தறிச் சத்தம்தான் போகும். அதனால் மைக்கைத் தொடவே மாட்டேன். தம்பிக்கும் எனக்கும் ஒரே போன். சிக்னல் கிடைப்பது மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக மட்டும். ஏப்ரல் வெயிலில் பத்தரை மணிக்கு மேல் போன் சூடாகித் தானாக அணைந்துவிடும். அந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரை அரசு தினம் 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது; அது இல்லாவிட்டால் பாதி வகுப்பு போயிருக்கும்.

ஆனால் நான் பின்தங்கியது சிக்னலால் இல்லை. சார் "புரியுதா?" என்று கேட்டால் சாட்டில் "எஸ் சார்", "எஸ் சார்" என்று வரிசையாக விழும். நானும் ஒன்று போடுவேன். புரிந்திருக்காது. அது சாருக்கும் தெரியாது, பக்கத்தில் யாரும் இல்லாததால் எனக்கே சரியாகத் தெரியாது.

ஒரு உதாரணம். எக்ஸ் 2ஐ நெருங்கும்போது எக்ஸ் ஸ்கொயர் 4ஐ நெருங்கும் என்று எப்சிலான் (எக்ஸ் ஸ்கொயர் 4இலிருந்து எவ்வளவு விலகலாம் என்கிற தூரம்), டெல்டா (அதற்கு எக்ஸ் 2இலிருந்து எவ்வளவு விலகலாம் என்கிற தூரம்) வைத்து நிரூபிக்க வேண்டும். ஆன்லைனில் ஸ்லைடு வரும். முதல் வரியிலேயே "1, எப்சிலானில் ஐந்தில் ஒரு பங்கு, இவற்றில் சிறியதை டெல்டா என்று கொள்க" என்று இருக்கும். அந்த ஐந்து எங்கிருந்து குதித்தது? மனப்பாடம் செய்துகொண்டேன். இரண்டாம் வருஷம் அதே கணக்கை மேடம் கரும்பலகையில் போட்டார்கள். டெல்டா வர வேண்டிய இடத்தை வெற்றாக விட்டுவிட்டுக் கீழே போனார்கள். எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4 என்பது எக்ஸ் மைனஸ் 2ஐ எக்ஸ் பிளஸ் 2ஆல் பெருக்கியதுதான்; எக்ஸுக்கும் 2க்கும் உள்ள தூரம் 1க்குள் இருந்தால் எக்ஸ் பிளஸ் 2 ஐந்தைத் தாண்டாது என்று காட்டினார்கள். பிறகு திரும்பி மேலே வந்து அந்த வெற்றிடத்தை நிரப்பினார்கள். அவ்வளவுதான். கணக்கு கீழிருந்து மேலே நடக்கிறது. ஸ்லைடு அதை மேலிருந்து கீழே அச்சடித்துக் காட்டுகிறது. கை எங்கே நிற்கிறது, எதை அழிக்கிறது என்று பார்ப்பதற்காகவே வகுப்புக்குப் போகலாம்.

மதிப்பெண்ணும் ஏமாற்றும். வீட்டிலிருந்து ஏ4 தாளில் எழுதி, ஸ்கேன் செய்து ஏற்றிய செமஸ்டர்களில் எனக்கு எண்பதுக்கு மேல். 2022இல் முதல்முறையாக ஹாலில் உட்கார்ந்தபோது ரியல் அனாலிசிஸில் அரியர். மூன்று மணி நேரம் புத்தகம் இல்லாமல் கை ஓடும் பழக்கமே போய்விட்டிருந்தது. ஆன்லைனில் படிக்கிறவர்கள் மாதம் ஒரு ஞாயிறு, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பழைய வினாத்தாளை மணி பார்த்து எழுதுங்கள். நான் அரியரைத் தூக்கியது இப்படித்தான்.

இதை வைத்து ஆன்லைன் மட்டம் என்று நினைக்க வேண்டாம். தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு வகுப்பில் வேகமாக ஓடிய இங்கிலீஷ் பாதி தப்பிவிடும். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் பாட வீடியோவை நிறுத்தி, பின்னால் இழுத்து, வேகத்தைக் குறைத்து மூன்று தடவை கேட்டிருக்கிறேன். எந்த சாரிடமும் மூன்று தடவை கேட்க எனக்குத் தைரியம் கிடையாது. வீடியோ இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்டுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75 மதிப்பெண். அந்தத் தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும், கவனியுங்கள்.

முழு டிகிரியே ஆன்லைனில் என்றால், யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2020 விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் ஆன்லைன் பட்டம் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம். பணம் கட்டுவதற்கு முன் அந்த நிறுவனமும் அந்தப் பாடமும் யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், விளம்பரத்தை நம்பாதீர்கள். இன்ஜினியரிங், நர்சிங், பார்மசி போன்றவற்றை அப்படிப் படிக்க அனுமதியே இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கித் தனியாக உட்கார்ந்து படிக்கப் பழகியவர்கள் தாராளமாகப் போகலாம். பதினேழு வயதில், ஒரே போன் உள்ள வீட்டில், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு நான் சொல்ல மாட்டேன்.

வேறு வழியில்லாமல் ஆன்லைன்தான் என்றால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள்: இரவு எட்டு மணிக்கு ஒரு தோழிக்குப் போன் செய்து அன்றைய கணக்கை அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். எங்கே திக்குகிறதோ அதுதான் புரியாத இடம். வேலூர் பஸ்ஸில் நாங்கள் மூன்று பேர் செய்துகொண்டிருந்ததும் அதுதான், பாதி நேரம் கம்பியைப் பிடித்து நின்றபடி.

சித்தி மகள் கடைசியில் வேலூரிலேயே ரெகுலரில் சேர்ந்துவிட்டாள். போன வாரம் கூப்பிட்டு, பஸ்ஸில் ஒரே கூட்டம் என்று புலம்பினாள். குடியாத்தத்துக்கு முன்னாலேயே, பேரணாம்பட்டில் ஏறுகிறவளுக்கு சீட் கிடைக்கும். குடியாத்தத்தில் ஏறியவளிடம் வந்து இதைச் சொல்கிறாள்.